முதுநகர் நிக்காஹும் எழுந்திருக்காத கண்டெய்னரும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கடலூர் முதுநகரில், முன்னூறு பேர் கூடியிருந்த மண்டபத்தில் ஒரு நிக்காஹை இருபத்தெட்டு நிமிடம் நிறுத்திவைத்தவன் நான்தான். (அரை மணி நேரம் என்று சிலர் சொல்லிவருவது மிகை. கடிகாரம் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன்.)

அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் கடலூரில் ஒரு சிறிய நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். வேலையில் பெரும்பகுதி, பக்கம் அச்சுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்ப்பது. மழை அளவு, மின்தடை ஊர்கள், ராகு காலம், இரங்கல் செய்தி, தங்கம் விலை என்று எல்லாக் கட்டங்களும் என் கண்ணைத் தாண்டித்தான் போகும். கட்டத்தில் தப்பு வந்தது என்று ஒரு நாளும் ஒருவரும் போன் செய்ததில்லை. இந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

பத்திரிகை நின்ற பிறகு, மனைவியின் தம்பி பிரபுவோடு சேர்ந்து ஒரு தொழில் தொடங்கினேன். கல்யாணங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டும் தொழில். கேமரா வேலை பிரபுவுக்கு, சர்வர் வேலை எனக்கு. நாற்பது வயதில் லினக்ஸ் படித்தேன். அண்ணாமலை நகரில் பிரபு வீட்டின் முன்னறைதான் அலுவலகம். அந்த வீட்டில் என் அத்தையும், அதாவது மாமியாரும் இருக்கிறார். அவரையும் சேர்த்தால் மூன்று பேர் நிறுவனம். (சேர்க்காமல் இருந்தால் மதிய உணவு கிடையாது.)

கண்டெய்னர் என்றால் என்ன என்பதை அண்ணாமலை நகரின் மாணவர் லாட்ஜ்களைப் பார்த்தவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரே கட்டடம், ஒரே தண்ணீர்த் தொட்டி. ஆனால் ஒவ்வொரு அறைக்கும் தனிப் பூட்டு, தனி அடுப்பு, தனிச் சண்டை. சர்வர் என்பது கட்டடம். அதற்குள் இருக்கும் அறைதான் கண்டெய்னர். எங்களிடம் ஒரு கல்யாணத்துக்கு ஓர் அறை. எங்கள் கட்டடம் ஏதோ ஒரு வெளிநாட்டில் இருந்தது. அதை நான் பார்த்ததில்லை. இங்கிருந்து கட்டளை தட்டினால் அங்கே அறை திறக்கும், நேரலை ஓடும்.

ரஹீம் பாய் என் பழைய பத்திரிகையில் பக்க வடிவமைப்பாளர். நான் வெறும் உதவி ஆசிரியராக இருந்த காலத்திலேயே கிண்டலாக "எடிட்டரே" என்று கூப்பிட ஆரம்பித்தவர், இன்றுவரை விடவில்லை. அவருடைய அண்ணன் மகள் நஸ்ரினுக்குத்தான் அன்று நிக்காஹ். அண்ணன் சாதிக் பாய் வளைகுடாவில் லாரி ஓட்டுகிறார். விடுமுறை கிடைக்கவில்லை. தன் இடத்தில் தம்பி இருந்து நடத்தித் தரட்டும் என்று முறைப்படி எழுதி அனுப்பிவிட்டார். ஆனால் கண்ணால் பார்க்க வேண்டும். போனில் முகம் பார்த்துப் பேசும் வசதிக்கு அவர் இருக்கும் ஊரில் தடை. பொது வீடியோ தளத்தில் ஓட்டினால் குடும்பத்துப் பெண்களை ஊரே பார்க்கும் என்பதால் அதுவும் வேண்டாம். கடவுச்சொல் போட்ட தனி இணைப்பு வேண்டும்.

"எடிட்டரே, எங்க அண்ணன் பொண்ண கடைசியா பாத்தப்ப அது பத்தாவது படிச்சிக்கிட்டிருந்திச்சி. இது ஒண்ணத்தான் கேட்டாரு. கரெக்டா பண்ணிக் குடுத்துடுங்க" என்றார் ரஹீம் பாய்.

"பாய், இதெல்லாம் ஒரு வேலையா?" என்றேன். (இந்த வாக்கியத்தை இப்போது யார் சொன்னாலும் நான் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விடுவேன்.)

பிரபுவுக்கு அன்று காய்ச்சல். கேமராக்களுக்கு இருவரை ஏற்பாடு செய்துவிட்டு நானே மண்டபத்துக்குப் போனேன். அண்டா, தாம்பாளம் அடுக்கி வைக்கும் அறையில் ஒரு மேசை கிடைத்தது. மதியம் இரண்டேகாலுக்குச் சோதனை ஓட்டம். மூன்று நொடியில் கண்டெய்னர் எழுந்தது. சாதிக் பாய் இணைப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "மேடை தெரியுது, பூ தெரியுது, அந்த ஃபேன் ஓரமா நிக்கிறது நம்ம ரஹீம்தானே, ஏன் இவ்ளோ குண்டாயிட்டான்" என்று குரல் செய்தி அனுப்பினார். எல்லாம் சரி.

நிக்காஹ் நாலரைக்கு. அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மணி நாலு ஐந்து. அப்போது நான் ஒரு காரியம் செய்தேன்.

ஓடிக்கொண்டிருந்த கண்டெய்னரை நிறுத்தினேன்.

காரணம் எதுவும் இல்லை. எந்தக் கல்யாணத்திலும் முக்கியமான நேரத்துக்குச் சற்று முன்பு ஒருமுறை நிறுத்திப் புதிதாகத் தொடங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குப் பிரச்சினை வராது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. யாரும் சொல்லித்தரவில்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. நிறுத்தினேன். தொடங்கினேன்.

எழுந்திருக்கவில்லை.

திரையில் வந்தது இதுதான்: தொடங்கியது, முடிந்தது, குறை பூஜ்யம். அதாவது அறைக்குள் போனவன் அடுத்த நொடியே வெளியே வந்து, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறான். குறை இருந்தால் தேடலாம். குறையே இல்லை என்பவனிடம் என்னவென்று கேட்பது?

விடுவதாக இல்லை. பத்திரிகையில் ஒரு செய்தியை உறுதிசெய்ய ஆறு பேருக்குப் போன் போட்டவன் நான். நினைவகம் போதவில்லையோ என்று பார்த்தேன், போதும். வட்டில் இடம் இருக்கிறதா, இருக்கிறது. வேறு யாராவது அதே வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார்களா, இல்லை. அனுமதிகள் சரி. தொடக்கக் கட்டளைக் கோப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பிழை திருத்துவது போலப் படித்தேன். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் இடையில் ஒருமுறை தொடங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே மரியாதையான பதில்.

ரஹீம் பாய் தலையை நீட்டினார். "என்னா எடிட்டரே, அண்ணன் வட்டம் சுத்துதுன்னு சொல்றாரு?"

"கண்டெய்னர் ஸ்டார்ட் ஆகல பாய். அஞ்சே நிமிஷம்."

அவருக்குப் பின்னால் நின்றிருந்த வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர் அக்கறையோடு உள்ளே வந்தார். "கண்டெய்னரா? எங்க நிக்கிது, பைபாஸ்லயா? டீசல்ல ஏர் புடிச்சிருக்கும். நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தன் ஆலப்பாக்கத்துல இருக்கான், போன் போடட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். (பின்னால் நான் செய்ததை நினைத்தால், அந்த மெக்கானிக்கை வரவழைத்திருக்கலாம்.)

நாலு இருபத்தைந்துக்கு நான் செய்தது, ஓர் அறையின் பூட்டு திறக்கவில்லை என்பதற்காக லாட்ஜையே காலி செய்து மறுபடி திறப்பது. சர்வர் முழுவதையும் அணைத்து ஏற்றினேன். அதில் நஸ்ரினின் கண்டெய்னரோடு இன்னும் பத்துக் கண்டெய்னர்கள் இருந்தன. பழைய கல்யாணம், வளைகாப்புப் பதிவுகளை உறவினர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்காக வைத்திருந்தவை. சர்வர் எழுந்தது. பத்துக் கண்டெய்னர்களும் தாமாக எழுந்திருக்க வேண்டும்.

ஒன்றும் எழவில்லை. பத்தும் தொடங்கின, பத்தும் முடிந்தன, பத்திலும் குறை பூஜ்யம்.

இரண்டாவது நிமிடம் கம்மாபுரத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். "தம்பி, எம்பொண்ணு வளகாப்பு பாத்துக்கினே இருந்தேன், வளையல் போடும்போது நின்னுபோச்சி. நீங்க எதுனா அமுக்கிட்டீங்களா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நாலரை. நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத் மேடையில் வந்து அமர்ந்தார். மாப்பிள்ளை பூச்சரங்களுக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் சம்மதம் கேட்க ரஹீம் பாயும் இரண்டு சாட்சிகளும் மாடியில் பெண்கள் பகுதிக்குப் போனார்கள். போன வேகத்தில் ரஹீம் பாய் மட்டும் என் அறைக்கு வந்தார். முகம் மாறியிருந்தது.

"எடிட்டரே, பொண்ணு வாயத் தொறக்க மாட்டேங்குது. 'அத்தா பாக்கட்டும், அப்பறம் சொல்றேன்'னுது. எவ்ளோ சொல்லியும் கேக்கல. ஹஜ்ரத் அஞ்சரைக்கு மஞ்சக்குப்பத்துல இன்னொரு நிக்காஹுல இருக்கணும். என்னா பண்றது?"

"அஞ்சே நிமிஷம் பாய்."

"நீங்க நாலு தடவ அஞ்சு நிமிஷம் சொல்லிட்டீங்க."

கணக்கு சரி.

ஒரு வதந்தி எப்படிப் பரவுகிறது என்பதைத் தொழில்முறையில் பலமுறை எழுதியிருக்கிறேன், பக்கத்திலிருந்து பார்த்தது அன்றுதான். மாடியில் நஸ்ரின் தன் அப்பாவை நினைத்துச் சொன்னது, "அத்தா பார்த்த பிறகு சொல்கிறேன்." படிக்கட்டில் அது, "பொண்ணு இன்னும் சொல்லல." மேடையின் முன்வரிசையில், "பொண்ணு யோசிக்கிது." மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த பக்கத்துக்கு வந்தபோது, "பொண்ணுக்கு இஷ்டமில்லியாம்." இவ்வளவுக்கும் ஆன நேரம் ஆறு நிமிடம். பாத்திர அறையின் சன்னல் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமா எழுந்து நின்றதும் தெரிந்தது.

அதுவரை அது என் சர்வரின் பிரச்சினையாக இருந்தது. அந்த நிமிடத்திலிருந்து ஒரு பெண்ணின் பெயராகிவிட்டது. இன்னும் வேகமாகத் தவறான இடங்களில் தேடினேன். கண்டெய்னரை அழித்துவிட்டுப் புதிதாகவே ஒன்று கட்டினேன். அதுவும் பிறந்தது, வணக்கம் சொன்னது, இறந்தது.

சர்வர்காரர்களுக்கு ஒரு புகார் எழுதினேன். தலையங்கம் எழுதும் நடையில் கடுமையான நான்கு பத்திகள். அந்த அவசரத்திலும் ஒருமுறை படித்து ஒரு காற்புள்ளியைச் சேர்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். மூன்று நிமிடத்தில் பதில் வந்தது. ஒரே வரி: உங்கள் கண்டெய்னர்கள் நீங்கள் சொல்லிவைத்தபடியே நடந்துகொள்கின்றன.

கடைசியில் பிரபுவைக் கூப்பிட்டேன். இதை முதலிலேயே செய்திருக்கலாம். சர்வர் என் துறை என்பதால் செய்யவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். ரஹீம் பாய் பக்கத்தில் நின்றிருந்தார்.

"மாமா, லாக்க தொறந்துட்டேன்" என்றான் பிரபு, காய்ச்சல் குரலில். (லாக் என்பது சர்வர் தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு.) "எந்த எர்ரரும் இல்லியே."

"அதாண்டா பிரச்சினை. நேரத்த வரிசையா படி. எதாவது ஒரு முறை வேற மாதிரி இருக்கான்னு பாப்போம்."

"வெள்ளிக்கிழம... பத்து முப்பத்தஞ்சு, ஸ்டார்ட், முடிஞ்சிது. பத்து முப்பத்தேழு, ஸ்டார்ட், முடிஞ்சிது. பத்து நாப்பத்தொண்ணு. பத்து நாப்பத்தாறு. பத்து அம்பத்தஞ்சு, இதுல எல்லாமே. பதினொண்ணு எட்டு..."

பின்னணியில் அத்தையின் குரல் கேட்டது. ஹாலில் உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏண்டா, வெள்ளிக்கிழமை பத்தரைலேருந்து பன்னெண்டு ராகு காலம். அந்த நேரமாப் பாத்து எதுக்குடா ஆரம்பிச்சீங்க? மாப்பிள்ளைக்குதான் தெரியாது, உனுக்குமா தெரியாது?" (மாப்பிள்ளை என்றது என்னை.)

பிரபு சிரித்தான். "அம்மா, இது காலைல இல்ல. அது சர்வரோட டைமு. லண்டன் டைமு. நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னால."

அவன் சிரித்துக்கொண்டிருந்தபோதே நான் விரல்விட்டு ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துப் பார்த்தேன்.

எட்டு மாதங்களுக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை, திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணம். நேரலையைத் திறக்க எங்களுக்குப் பதினைந்து நிமிடம் தாமதமாகி, ஏழு முப்பத்தைந்துக்குத் திறந்தோம். திரை மூலையில் தொடங்கிய நேரம் தெரியும். பெண்ணின் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டார். "ராகு காலத்துல தொறந்து வெச்சிருக்கீங்களே, நல்லா இருப்பீங்களா" என்று கோயில் வாசலில் வைத்துக் கேட்டார். இனி அந்தப் பேச்சே வரக்கூடாது என்று அன்று மாலையே நான் ஒரு ஏற்பாடு செய்தேன். ஏழு நாட்களின் ராகு காலத்தையும் எழுதி, அந்த நேரத்தில் எந்தக் கண்டெய்னரும் திறக்காமல் சத்தமின்றித் திரும்பிவிட வேண்டும் என்று கட்டளை வைத்தேன். அட்டவணையைப் பார்க்காமலே எழுதினேன். பதினோரு வருடம் திருத்திய கட்டமாயிற்றே.

ஏன் சத்தமின்றி? வெட்கம்தான். மூடநம்பிக்கையைக் கண்டித்து எத்தனையோ பத்தி எழுதியவன், சர்வருக்கு ராகு காலம் பார்த்தான் என்பது பிரபுவுக்குத் தெரிந்தால் ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவான். அதனால் லாக்கில் காரணம் பற்றி ஒரு வரிகூட விழாதபடி செய்தேன். கட்டளையையும் தொடக்கக் கோப்பில் வைக்காமல், எல்லாக் கண்டெய்னர்களும் எழும்போது படிக்கும், ஆனால் எங்களில் யாரும் திறக்காத ஒரு பொதுக் கோப்பில் ஒளித்துவைத்தேன். என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். நிமிடம் பிசகாமல் வேலை செய்தது. என் லேப்டாப்பில் ஓடுவது நம்மூர் நேரம். சர்வரில் ஓடுவது கிரீன்விச் நேரம். (பிரபு அதை லண்டன் நேரம் என்கிறான். கோடையில் லண்டன்காரர்களே அந்த நேரத்தில் இருப்பதில்லை. அதைத் திருத்தும் நிலையில் அன்று நான் இல்லை.)

அதன் பிறகு நாங்கள் எடுத்ததெல்லாம் அதிகாலைக் கல்யாணங்கள். எந்த ஊர் ராகு காலத்திலும் சிக்கவில்லை. எட்டு மாதத்தில் அந்தக் கட்டளை ஒருமுறைகூட வேலை செய்யவில்லை. அதை நான், சரியாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அன்று மாலை நாலு ஐந்து, சர்வரில் பத்து முப்பத்தைந்து. வெள்ளிக்கிழமை. என் கண்டெய்னர், நான் கற்றுக்கொடுத்த ஆசாரம் தவறாமல், கதவைத் திறக்க மறுத்திருக்கிறது. நேரம் என் கண் முன்னால் வரிசையாக நின்றது. பிழைகளைத் தேடிய கண்ணுக்குக் கடிகாரம் தெரியவில்லை.

"பிரபு," என்றேன், "பொதுக் கோப்புல, கடைசிக்கு முன்னால, ஏழு வரி இருக்கும். அத எடுத்துடு."

அவன் வரி வரியாகப் படிப்பது கேட்டது.

"மாமா... இத யாரு எழுதுனது?"

"எடுடா முதல்ல."

எடுத்தான். தொடங்கினான். மூன்று நொடி. என் திரையில் மேடை வந்தது, பூ வந்தது, வியர்த்த மாப்பிள்ளை வந்தார். அடுத்த நொடி ரஹீம் பாயின் போனில் சாதிக் பாயின் குரல் செய்தி: "தெரியுது, தெரியுது. ஏன் எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க?"

எல்லாரும் எழுந்து நின்றது உண்மை. மாப்பிள்ளை வீட்டார் பாதிப்பேர் வாசலை நோக்கித் திரும்பியிருந்தார்கள். ரஹீம் பாய் மேடைக்கு ஓடப் போனவர் நின்றார். என்னைப் பார்த்தார். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"நெட்வொர்க் ப்ராப்ளம்னு சொல்லிடறேன் எடிட்டரே. நீங்க சங்கடப்படாதீங்க."

நல்ல மனிதர். ஆனால் பதினோரு வருட அனுபவத்தில் எனக்கு ஒன்று தெரியும். மொட்டையான மறுப்பை யாரும் நம்புவதில்லை. நெட்வொர்க் என்று சொன்னால், பெண்ணை உள்ளே மிரட்டிச் சம்மதிக்க வைத்துவிட்டு வந்து சொல்கிறார்கள் என்பார்கள். இட்டுக்கட்ட முடியாத அளவுக்குக் கேவலமான உண்மையைத்தான் கேட்டவுடன் நம்புவார்கள். அப்படி ஒன்று என்னிடம் இருந்தது.

"நடந்ததயே சொல்லுங்க பாய். என் பேரையும் சேத்து."

மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் உக்காருங்க. பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அத்தா பாக்காம சொல்ல மாட்டேன்னுச்சி, அவ்ளோதான். லேட்டு ஆனது நம்ம எடிட்டரால. தோ, அந்த ரூம்ல நிக்கிறாரே, அவுரு. அவுரு கம்ப்யூட்டர்ல ராகு காலம் போட்டு வெச்சிருக்காரு. அதுவும் நம்மூர் ராகு காலம் இல்ல. லண்டன் ராகு காலம். இப்பதான் முடிச்சி வெச்சாரு."

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் தாய்மாமா. அப்புறம் மண்டபம் முழுதும். மாடியில் பெண்கள் சிரித்தது கீழே கேட்டது. பூச்சரம் குலுங்கியதால் மாப்பிள்ளையும் சிரிக்கிறார் என்று தெரிந்தது. நான் அண்டாக்களுக்கு நடுவே நின்று கையைக் குவித்தேன். கேமராக்காரர் கடமை தவறாமல் என் பக்கம் திருப்பினார். அது பதிவில் இருக்கிறது. வளைகுடாவில் ஓர் அறையில் எட்டு லாரி ஓட்டுநர்கள் ஒரே போனில் அதைப் பார்த்தார்களாம்.

ரஹீம் பாய் மறுபடி மாடிக்குப் போனார். ஒரு போனில் இணைப்பைத் திறந்து நஸ்ரினிடம் காட்டியிருக்கிறார்கள். மறுபோனில் தகப்பனின் குரல். "அத்தா, தெரியுதா?" என்று கேட்டதாம். "தெரியுதும்மா" என்றாராம். அதன் பிறகு சம்மதம் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. அப்போது மணி நாலு ஐம்பத்தெட்டு. ஹஜ்ரத் ஓதினார், மாப்பிள்ளை தன் சம்மதத்துக்குக் கபூல் சொன்னார், ஐந்து இருபதுக்கு ஹஜ்ரத் மஞ்சக்குப்பத்துக்கு வண்டியேறினார். என் வாழ்நாளில் வெளியான மறுப்புச் செய்திகளில் முழுப் பலன் தந்தது அது ஒன்றுதான்.

அந்த ஏழு வரிகள் இப்போது சர்வரில் இல்லை. ஆனால் எங்கும் போய்விடவும் இல்லை. மறு வருடம் விடுமுறையில் வந்த சாதிக் பாய், நஸ்ரினையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு அண்ணாமலை நகருக்கு எங்களைப் பார்க்க வந்தார். பேரீச்சம்பழத்தோடு ஒரு சுவர்க் கடிகாரமும் கொண்டுவந்திருந்தார். லண்டன் நேரம் வைத்து, பேட்டரியும் போட்டு, தானே ஆணி கேட்டு வாங்கி என் மேசைக்கு எதிரே மாட்டிவிட்டார். "இனிமே தப்பு வராது எடிட்டரே" என்றார். அவரும் எடிட்டரே என்றுதான் கூப்பிடுகிறார்.

அந்தக் கடிகாரத்தை எங்கள் வீட்டில் முழுமனதாக ஏற்றுக்கொண்டவர் அத்தை ஒருவர்தான். முன்னூறு பேர் கூடிய நிக்காஹையே நிறுத்திய ராகு காலத்தை அவரால் அலட்சியம் செய்ய முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை மாலை நாலேகாலுக்கு, கடலூரில் ஒருவரைப் பார்க்க ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். அத்தை வந்து வாசலில் நின்றார். நம்மூர்க் கணக்கு காலையிலேயே முடிந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன்.

"இங்க முடிஞ்சிடிச்சி மாப்பிள்ளை. அங்க இன்னும் ஓடுது. அஞ்சரைக்கு மேல போங்க."

பிரபு உள்ளேயிருந்து சிரித்தான். நான் சாவியை மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து முப்பத்தொன்றுக்குக் கிளம்பினேன்.